இதயம் தனக்கென எடுத்துக்கொள்வது

கல்லூரித் தோழி ஒருத்தி என் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தாள். நடுவில் பெரிய சிவப்பு இதயம். அதற்குள் வெள்ளை எழுத்தில் 'முதலில் உன்னைக் காதலி' என்று ஒரு வரி. அவள் என் மேல் உயிரையே வைத்திருப்பவள், நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாள். ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம். அப்பா பக்கவாதத்தில் படுத்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். இரவிலும் அப்படித்தான். என் கணவருக்கு வெளியூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். இந்த நிலையில் இருப்பவளிடம் போய் உன்னைக் காதலி என்றால் என்ன அர்த்தம்? அப்பாவைப் பாதி புரட்டியபடி விட்டுவிட்டு எந்தக் கண்ணாடி முன்னால் போய் நிற்பது? அட்டையை அலமாரியில் கவிழ்த்து வைத்தேன். ஆனால் அந்த வரி மனதில் கவிழவில்லை. பாத்திரம் துலக்கும்போது, துணி மடிக்கும்போது, அது வந்து வந்து எட்டிப் பார்த்தது.

காலையில் அப்பா கண் விழித்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சு பாதிக்குமேல் போய்விட்டது. பல சொற்கள் குழறும், சில வெளியே வரவே வராது. அந்த ஒரு சொல் மட்டும் எப்படியோ தெளிவாக வரும். "சாப்பிட்டியா?" மணி ஏழுகூட ஆகியிருக்காது. "ஆச்சுப்பா" என்பேன். ஆகியிருக்காது. பதினொரு மணிக்கு மேல் நின்றபடியே எதையோ வாயில் போட்டுக்கொள்வேன். தினமும் காலையில் அப்பாவிடம் ஒரு பொய்யோடுதான் என் நாள் தொடங்கியது. அது பொய் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

திரையில் பார்த்த இதயம்

அப்புறம் படபடப்பு வந்தது. இரவில் படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும். தட்டல் ஒன்று விட்டுப்போகும், அடுத்தது பலமாக விழும். மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் வந்திருந்தபோது ராத்திரி நான் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனார். ஈசிஜி எடுத்தார்கள், எக்கோவும் பார்த்துவிடலாம் என்றார்கள்.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இடது கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொன்னார்கள். விளக்கை அணைத்தார்கள். சில்லென்ற ஜெல்லைத் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவில் கருவியை அழுத்தினார் டாக்டர். வயதான அம்மா அவர், அவசரமே இல்லாத கை. திரை என் பக்கமும் திரும்பியிருந்தது. கறுப்பும் சாம்பலுமாக ஏதோ அசைந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அதற்குள் மெல்லிய இரண்டு இதழ்கள் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது, காற்றில் படபடக்கும் திரைச்சீலை மாதிரி. "அது வால்வு" என்றார். ஏதோ பொத்தானை அழுத்தியதும் அறை முழுக்கச் சத்தம் கேட்டது. ஈரத் துணியை யாரோ விடாமல் அலசுவது போன்ற சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணவருக்குப் போனில் ஒரு நாளைக்கு எத்தனை சிவப்பு இதயம் அனுப்புகிறேன் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன், 23. சாப்பிட்டேன் என்றால் ஒன்று, தூங்கப் போகிறேன் என்றால் இரண்டு. இத்தனை அனுப்பியவள் என்னுடையதை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். நாற்பத்திரண்டு வருடமாக ஒரு நாள்கூட விடுப்பு கேட்காமல் இருட்டில் அது வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இதயம் நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் டாக்டர். "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

நான்கு மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக என்றேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கருவியை எடுக்காமலே திரையில் ஓரிடத்தைக் காட்டினார். "இங்கேருந்துதான் உடம்பு முழுக்க ரத்தம் போகுது. இந்தப் பெரிய குழாயில முதல் கிளை யாருக்குப் போகுது தெரியுமா? மூளைக்கு இல்ல. இதயத்துக்கே. தனக்கு வேணும்கிறத எடுத்துக்கிட்டுத்தான் மத்தவங்களுக்கு அனுப்புது. அதையும் எப்போ எடுத்துக்குதுன்னு பாருங்க. சுருங்கி ரத்தத்த வெளிய தள்ளுற நேரத்துல தன்னோட குழாயையும் சேர்த்து நசுக்கிக்குது, அப்போ அதுக்குள்ள சரியா ரத்தம் போகாது. தள்ளி முடிச்சுட்டுத் தளருது பாருங்க, அப்போதான் சாப்பிடுது."

ஜெல்லைத் துடைக்க ஒரு துணியைக் கொடுத்துவிட்டு அவர் அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார். நான் சட்டென்று எழுந்திருக்கவில்லை. இதயத்தைக் கொடுப்பதற்கென்றே இருக்கும் ஒன்றாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். இதயத்தைக் கொடுத்தேன், இதயத்தில் இடம் கொடுத்தேன் என்றுதானே எல்லாக் காதல் வசனமும். அது முதலில் எடுத்துக்கொள்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

72 நிமிடம்

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பெருந்தமனி கிளம்பும் இடத்திலேயே, வால்வுக்குச் சற்று மேலே, இதயத்துக்கான இரண்டு தமனிகள் பிரிகின்றன. அறைகளுக்குள் ரத்தம் நிறைந்திருந்தாலும் அந்தக் கனமான சுவருக்கு அது போதாது, தனக்கென்று குழாய் வேண்டும். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 0.8 நொடி. அதில் சுருங்குவதற்கு 0.3, தளர்வதற்கு 0.5. அதாவது ஓய்வுக்குத்தான் அது அதிக நேரம் ஒதுக்குகிறது. துடிப்பு வேகமெடுத்தால் இரண்டுமே குறையும், ஆனால் பெரிய வெட்டு விழுவது தளரும் நேரத்தில்தான். இந்தத் தகவலை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பதறி ஓடும்போது குறைவது வேலை அல்ல, வேலைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி. என் ஒன்றரை வருடமும் அப்படித்தான் போயிருந்தது. எந்த வேலையும் விட்டுப்போகவில்லை. நடுவில் இருந்த இடம் எல்லாம் போயிருந்தது.

இன்னொரு கணக்கும் கிடைத்தது. ஓய்வாக இருக்கையில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் தனக்கு எடுத்துக்கொள்வது 250 மில்லி அளவு, கிட்டத்தட்ட 5 சதவீதம். 95 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு 5 வைத்துக்கொள்வதைச் சுயநலம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. அந்த 5 நின்றால் 95-உம் நின்றுவிடும். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். அதில் 5 சதவீதம் 72 நிமிடம். ஒரு காகிதத்தில் '72' என்று எழுதி, கவிழ்த்து வைத்திருந்த அட்டையை நிமிர்த்தி அதன் மேல் ஒட்டினேன். 'முதலில் உன்னைக் காதலி' என்பது என்னை அசைக்கவில்லை, 72 நிமிடம் என்பது அசைத்தது. முதலாவது ஓர் உணர்ச்சியைக் கேட்கிறது. களைத்துக் கிடப்பவளிடம் இல்லாத பொருளே அதுதான். இரண்டாவது கேட்பது நேரத்தை மட்டும். நேரத்தை எப்படியாவது தேற்றலாம், மனசு வந்தால் பிறகு வரட்டும்.

எப்படித் தேற்றினேன் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இந்தக் கட்டுரையும் அந்த அட்டை மாதிரி ஆகிவிடும். தனியாகத் தேற்ற முடியவில்லை. தம்பியிடம் வாய்விட்டுக் கேட்டேன். வாரத்தில் இரண்டு சாயங்காலம் அவன் வருகிறான். அட்டை அனுப்பிய தோழிக்கும் போன் செய்து, "அந்த அட்டையைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஞாயிற்றுக்கிழமை நான் வந்து அப்பாகூட இருக்கேன், நீ தூங்கு" என்றாள். வந்தாள், இன்றும் வருகிறாள். உன்னைக் கவனித்துக்கொள் என்று ஒருவரிடம் சொல்ல வேண்டுமானால் அந்தச் சொல்லோடு ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது என் தீர்மானமான எண்ணம்.

தண்ணீருக்குள் வெட்டுவது

அந்த 72 நிமிடத்தை எதில் செலவழிப்பது என்று தெரியவில்லை. முதல் சில நாள் சும்மா போனைப் பார்த்துக் கழித்தேன், இன்னும் களைப்புதான் மிஞ்சியது. ரோஜா இதழ் மிதக்கும் குளியல் தொட்டி, முகத்தில் பூச்சு, அப்படியான படங்கள் வந்து குவிந்தன. அவற்றில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவை ஒரு நாளுக்கானவை, எனக்கு வேண்டியிருந்தது தினசரிக்கானது. வழி காட்டியது ஒரு கட்டு ரோஜா.

கணவர் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் ரோஜா வாங்கி வருவார். ஜாடியில் வைப்பேன், மறுநாளே தலை தொங்கிவிடும். வாங்கிய இடம் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன். அந்த முறை பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். செடிகளோடு பேசுகிறவர். தொங்கிப்போன பூக்களைப் பார்த்ததும் ஒரு பெரிய கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் கூரான கத்தியும் கேட்டார். ஒரு தண்டை எடுத்து அடிப்பகுதியைத் தண்ணீருக்குள் முக்கி, நுனியிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டினார். வெட்டிய இடத்திலிருந்து கடுகளவு குமிழி ஒன்று கிளம்பி மேலே வந்து உடைந்தது. "பார்த்தியா, இதுதான் அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. தண்டு எப்பவும் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். வெளிய வெச்சு வெட்டினா காத்தக் குடிச்சிடும், அப்புறம் தண்ணி ஏறாது" என்றார். சாய்வாக வெட்டினால்தான் தண்டின் வாய் ஜாடியின் அடியில் ஒட்டி அடைபடாமல் இருக்குமாம். தண்ணீருக்குள் போகும் இலைகளை எல்லாம் கிள்ளினார். அவை அழுகினால் தண்ணீரில் கிருமி பெருகி அதுவும் குழாயை அடைக்கும். பிறகு எல்லாப் பூக்களையும் தலையோடு தண்ணீரில் படுக்க வைத்தார். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பதினொன்றில் எட்டு நிமிர்ந்திருந்தன. தினமும் தண்ணீர் மாற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்டின் நுனியை வெட்டி, மேலும் ஐந்து நாள் வைத்திருந்தோம்.

திருமணமான பதினாறு வருடத்தில் எத்தனை கட்டு வாங்கி வந்திருப்பார்! பூவை வாங்கிக் கொடுப்பதுதான் காதல் என்று இருவருமே நினைத்திருந்தோம். வாங்கிய பிறகு அது கேட்டது தினமும் நாலு நிமிடம். அந்த நாலு நிமிடம்தான் என் முதல் பழக்கமானது. காலையில் எழுந்ததும் ஜாடித் தண்ணீரை மாற்றுவேன், மாற்றிய கையோடு ஒரு டம்ளர் தண்ணீர் நான் குடிப்பேன். பூ இல்லாத வாரத்தில் ஏதாவது ஒரு கிளையை ஒடித்து வைப்பேன். ஜாடி காலியாக இருந்தால் என் டம்ளரையும் மறந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். தண்ணீருக்கடியில் கிடந்த இலைகளும் என்னை யோசிக்க வைத்தன. முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு நான் தலையாட்டி வைத்த வேலைகள் இருந்தன. எங்கள் குடியிருப்பின் வரவு செலவுக் கணக்கு ஒன்று. உறவுக்காரர் ஒருவருக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுப்பது ஒன்று. வெளியில் யார் கண்ணுக்கும் தெரியாது, உள்ளே தண்ணீரைக் கெடுத்துக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்தேன். கணக்கு நோட்டை வாங்கிக்கொண்டவர் "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். உண்மைதான்.

பழைய கடிதங்களில் இருந்தது

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டோம். அவற்றை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தம்பி வந்திருந்த ஒரு சாயங்காலம், என் 72 நிமிடத்தில், அந்தப் பெட்டியைத் திறந்தேன். உருக்கமான வரிகள் நிறைய இருக்கும் என்ற நினைப்பு. இருந்தன, ஆனால் கொஞ்சம்தான். மீதி எல்லாம் விசாரிப்பு. இருமல் நின்றதா? கண் எரிகிறது என்றாயே, விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள். மழை நாளில் நனைந்துகொண்டு போகாதே. புதுச் செருப்பு கடித்த இடம் ஆறியதா? ஒரு கடிதம் முழுக்க என் தூக்கத்தைப் பற்றியே இருந்தது. பரீட்சைக்காக நான் கண் விழித்துப் படித்த மாதம் அது. "ஒரு மணிக்கு மேல் விழித்திருந்தால் என் மேல் ஆணை" என்று எழுதியிருந்தார். அந்தப் பெண்ணின் செருப்புக் கடியையும் இருமலையும் ஒருவர் இத்தனை கவனமாகக் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் இன்று இரவு ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் எழுந்திருக்கிறாள், அவளை யாரும் கேட்பதில்லை, அவளே அவளைக் கேட்பதில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், நன்றாகவே அழுதேன்.

அன்றிலிருந்து தினமும் நாலைந்து வரி எனக்கு நானே எழுதுகிறேன். 'அன்பே, கண்ணே' என்று தொடங்கிப் பார்த்தேன், வரவில்லை, பொய்யாக இருந்தது. விசாரிப்பாக எழுதினால் வருகிறது. இன்று உட்கார்ந்து சாப்பிட்டாயா? வலது தோள் எப்படி இருக்கிறது, தைலம் தேய்த்தாயா? அண்ணிக்குப் போன் செய்ய வேண்டும் என்று நாலு நாளாகச் சொல்கிறாயே, எதற்குத் தள்ளிப்போடுகிறாய்? கேள்வியாக எழுதினால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பதில் 'இல்லை' என்று மூன்று நாள் தொடர்ந்து எழுதினால் நாலாவது நாள் எழுந்து தைலத்தை எடுக்க வேண்டியிருக்கிறது.

மனதில் உள்ளதை எழுதுவது பற்றி ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்டது. மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். சம்பவத்தோடு உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்திருந்தது. எனக்கு அதில் உதவியாக இருந்தது இன்னொரு விஷயம். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனசு இன்னும் கனத்திருக்கிறது. எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் இருந்தது, இது சரிப்படாது என்று நோட்டை மூடி வைக்கப் பார்த்தேன். கனப்பதும் அதில் ஒரு பகுதிதான் என்று தெரிந்ததால் விடாமல் எழுதினேன்.

துக்கம் இதயத் தசையைத் தொடாது என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய இழப்பு, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் இடது கீழறை திடீரென்று வலுவிழந்து பலூன் மாதிரி உப்பிவிடும் நிலை ஒன்று இருக்கிறது. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதற்கு டகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயர் அது, உப்பிய இதயம் அந்தப் பானை போல இருந்ததால். மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். மனசு உடைந்துபோச்சு என்று யாராவது சொன்னால் நான் இப்போது அதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. நெஞ்சு வலித்தால் டாக்டரிடம் போங்கள், மனக்கஷ்டம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் முடியாதவை

காதலர்கள் எதிரெதிரே உட்கார நடுவில் எரியும் மெழுகுவத்தியை நான் வேறு காரணத்துக்காக ஏற்றினேன். இரவு ஒன்பதரைக்குப் பெரிய விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு மெழுகுவத்தி. அந்த வெளிச்சத்தில் கணக்குப் பார்க்க முடியாது, ஊசியில் நூல் கோக்க முடியாது, தரையில் கிடக்கும் தூசு கண்ணில் படாது. என் மாதிரிப் பெண்களுக்கு வேலை கண்ணால் வருகிறது, பார்த்தால் எழுந்து செய்துவிடுவோம். இருட்டு அந்த வேலைகளை மறைத்து வைக்கிறது. எதிரே இருப்பவரின் முகம் மட்டும் தெரியும். கணவர் இருக்கும் இரவில் அவர் முகம், இல்லாத இரவில் என் கைகள்.

உடம்புக்கும் அது ஒரு சேதி. நம் விழித்திரையில் நீல வெளிச்சத்தைக் கண்டு 'இன்னும் பகல்தான்' என்று மூளைக்குச் சொல்லும் தனி உயிரணுக்கள் இருக்கின்றன. போன் திரையிலும் வெள்ளை எல்இடி விளக்கிலும் அந்த நீலம் நிறைய, மெழுகுவத்தியில் மிகமிகக் குறைவு. அதனால் தூக்கத்துக்கான மெலடோனின் தடையில்லாமல் ஊறத் தொடங்குகிறது. திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கத்தரித்துவிட்டு ஏற்றினால் புகை குறையும். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும், தூங்கப் போகுமுன் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அப்பாவின் அறையில் மட்டும் நான் ஏற்றுவதில்லை, அங்கே மங்கலான மஞ்சள் விளக்குதான்.

அந்த வெளிச்சத்தில் நாடி பார்ப்பேன். மோதிர விரலிலிருந்து ஒரு நரம்பு நேராக இதயத்துக்குப் போகிறது என்று பழங்கால ரோமானியர் காலத்திலிருந்தே ஒரு நம்பிக்கை உண்டு, கல்யாண மோதிரத்தை அந்த விரலில் போடுவதற்கு அதைத்தான் காரணம் சொல்வார்கள். உடலில் அப்படி ஒரு தனி நரம்பு கிடையாது. ஆனால் இதயத்தைத் தொட்டுப் பார்க்கும் இடம் அதே கையில், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கிறது. இரண்டு விரலை மெதுவாக வைத்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளியே விடும்போது தளரும். நான் வெளிமூச்சை நீட்டி விடுவேன், நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும் அளவுக்கு. அந்த நீண்ட மூச்சில் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி அகலுவது விரலிலேயே தெரிகிறது. இப்போது சாப்பிடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எல்லா அடையாளமும் எனக்குக் கைகொடுக்கவில்லை. கண்ணாடி முன் நின்று என்னிடமே 'உன்னை நேசிக்கிறேன்' என்று சொல்வது எனக்குக் கடைசிவரை ஒட்டவில்லை, விட்டுவிட்டேன். பூட்டு மாதிரியான உறுதிமொழிகளும் அப்படித்தான். பாரிஸில் போன் தே சார் என்ற நடைபாலம் ஒன்று உண்டு. காதலர்கள் அதன் கம்பித் தடுப்பில் பூட்டு மாட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் எறிவது வழக்கமாக இருந்தது. 2014 ஜூனில் எடை தாங்காமல் தடுப்பின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. அடுத்த வருடம் எல்லாவற்றையும் கழற்றியபோது சுமார் 45 டன் இருந்தது. இனிமேல் தினமும் ஐந்து மணிக்கு எழுவேன், ஒரு நாளும் தவற மாட்டேன் என்று நானும் எத்தனையோ பூட்டு மாட்டியிருக்கிறேன். ஒரு நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் போதும், எல்லாம் பெயர்ந்துவிடும். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் பிடித்ததாகப் படித்தேன். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் இருந்தது. அதைப் படித்த அன்று நிம்மதியாக இருந்தது. விட்டுப்போன நாளுக்கு அபராதம் கிடையாது, மறுநாள் ஜாடித் தண்ணீரை மாற்றினால் சரி.

எட்டு மாதம் ஆகிவிட்டது. தூக்கம் நான்கிலிருந்து ஆறு மணி நேரமாக ஏறியிருக்கிறது, வாரத்தில் ஓர் இரவு முழுசாக. படபடப்பு எப்போதாவது வருகிறது, வந்தால் உட்கார்ந்துவிடுகிறேன். 72 நிமிடம் எல்லா நாளும் கிடைப்பதில்லை, நாற்பதில் முடியும் நாளும் உண்டு. தோழி ஞாயிற்றுக்கிழமை வரும்போது அப்பாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறாள். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே பக்கத்து அறையில் நான் தூங்கிப்போகிறேன்.

நேற்றுக் காலை ஆறரைக்கு ஜாடித் தண்ணீரை மாற்றினேன். சிவப்பு ரோஜா மூன்று, வாங்கி வந்த ஆறாவது நாள், விளிம்பு மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. நுனியைத் தண்ணீருக்குள் வைத்து வெட்டினேன், என் டம்ளரைக் குடித்தேன், தட்டில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்புறம் அப்பாவைப் புரட்டப் போனேன். முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்ததும் அவர் கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுப்பா" என்றேன்.